தென்றிசைக் கோமான்: யம வழிபாட்டின் வரலாறு

ஆண்டு விழா மலரில் மங்கலமான பொருள் ஒன்றைப் பற்றி எழுதுவதே மரபு. அம்மலரில் யமனுக்கு ஓரிடம் தேடுவானேன் என்று அன்பர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். நம் இல்லங்களில் 'எமன்' என்பது வசைச் சொல்லாகவே வழங்குகிறது. அப்பெயரை விளக்கு வைக்கும் வேளையில் சொல்லலாகாது என்று தடுக்கும் பாட்டிமார் இன்றும் இருக்கின்றனர். ஆயினும், இந்நாட்டில் வேத காலந்தொட்டு இந்நாள் வரை இடையறாது நினைக்கப்பட்டு வரும் தெய்வங்களுள் யமனும் ஒருவன் என்பதை மறுத்தல் இயலாது. இந்திரனும் வருணனும் பெரும்பாலும் ஏட்டளவில் நின்றுவிட்டனர். யமனோ மக்களின் வாயிற்படியிலும் ஆற்றங்கரையிலும் இன்றும் நிற்கிறான்.

வடநாட்டில் வந்து வாழும் நமக்கு இப்பொருளில் தனிப்பட்ட தொடர்பும் உண்டு. இங்குத் தீபாவளி அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னர், திரயோதசி மாலையில், அண்டை வீட்டார் தம் வாயிலில் ஒரு விளக்கை ஏற்றித் தென்திசை நோக்கி வைக்கின்றனர். அது யம தீபம். தெற்கு அவர்களுக்கு யமனுடைய திசை. நமக்கோ அது பிறந்த மண் இருக்கும் திசை. நம் முன்னோரும் தென்திசையை இறந்தோர் உறையும் திசையென்றே கொண்டனர். ஆதலின் அவ்விளக்கின் ஒளி எதை நோக்கிச் செல்கிறது என்பதை அறிந்துகொள்ளுதல் நம் கடமையாகும்.

மரணத்தின் தெய்வத்தை மக்கள் எதற்காக வணங்கினர்? அச்சத்தினால் என்பது எளிதில் தோன்றும் விடை. அது முழுவிடையன்று என்பதை வரலாறு காட்டுகிறது. அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர்கள் கூறும் செய்தி

ஒரு தெய்வத்தைப் பற்றி மக்கள் கொண்ட கருத்தை அதன் பெயர்களே முதலில் தெரிவிக்கும். தமிழில் கூற்று, கூற்றுவன், காலன், நமன், ஞமன், மறலி, தருமன், நடுவன் எனப் பல பெயர்கள் உள. உடலையும் உயிரையும் வேறு வேறு கூறாக்குவதால் கூற்று என்றனர். வாழ்நாளின் அளவை முடித்து வைப்பதால் காலன் என்றனர். இவற்றுள் நாம் சிறப்பாக நினைக்கத்தக்கது நடுவன் என்னும் பெயர். ஒருபாற் கோடாது நடுவில் நிற்பவன் என்பது அதன் பொருள். வடமொழியிலும் சமவர்த்தி என்று அவனுக்கு ஒரு பெயர் உண்டு. எல்லோரிடத்தும் ஒரே வகையாக நடப்பவன் என்பதே அதற்கும் கருத்து.

ஞமன் என்னும் சொல்லை நோக்கினால் இது மேலும் விளங்கும். புறநானூற்றின் 6-ஆம் பாட்டில் காரிகிழார் என்னும் புலவர் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதிக்கு அறிவுரை கூறுகிறார். தராசின் நடுவில் நிற்கும் நாவைப் போல ஒரு பக்கம் சாயாதிருத்தல் வேண்டும் என்பது அவ்வறிவுரையுள் ஒன்று. அந்தத் துலாக்கோல் நாவைக் குறிக்க அவர் எடுத்தாண்ட சொல் ஞமன் என்பதே. உயிரைக் கொண்டு செல்பவனுக்கும் தராசின் நாவுக்கும் ஒரே பெயர் வழங்கிய மொழி நம் மொழி. நேர்மை என்ற ஒரு குணமே இவ்விரண்டையும் இணைப்பது.

வேதத்து யமன்

ரிக் வேதத்தின் 10-ஆம் மண்டலத்தில் யமனைக் குறித்த பாடல்கள் உள்ளன. அங்கே அவன் கயிறும் தண்டமும் ஏந்தி எருமைமேல் வரும் உருவினன் அல்லன். விவஸ்வான் என்னும் சூரியனின் மகன். இறந்தோர் செல்லும் வழியை முதன்முதலாகக் கண்டறிந்தவன். மாந்தருள் முதலில் இறந்தவன் அவனே என்று அதர்வ வேதம் கூறும். ஒருவரும் சென்றறியாத பாதையில் தனியே சென்று, பின் வருவோர்க்கு இடம் அமைத்துக் காத்திருக்கும் முன்னோனாக அவன் போற்றப்பட்டான். இலை தழைத்த மரத்தின் கீழ்த் தேவரோடு அமர்ந்திருப்பான் என்றும், நான்கு கண்களையுடைய இரண்டு நாய்கள் அவ்வழியைக் காக்கும் என்றும் அப்பாடல்கள் வருணிக்கின்றன.

இக்கருத்து மிகப் பழையது. பாரசீகரின் அவெஸ்தா நூலில் விவங்வந்தன் மகன் யிமன் என்னும் அரசன் வருகிறான். பெயரும் தந்தை பெயரும் ஒத்திருத்தலைக் காண்க. அவனது ஆட்சியில் மூப்பும் சாவும் இல்லை என்பர். ஆரிய மொழி பேசியோர் இரு கிளையாகப் பிரிவதற்கு முன்னரே இப்பெயர் அவர்களிடையே வழங்கியிருத்தல் வேண்டும் என்பது மொழிநூலார் துணிபு.

வேதம் கூறிய அந்த இரண்டு நாய்களும் மறைந்து போகவில்லை. கயையில் பிண்டம் இடச் செல்வோர் இன்றும் யமனுக்கும் அவனுடைய நாய்களுக்கும் காக்கைக்கும் பலி இடுகின்றனர். மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு நினைவு, மாவினாற் பிடித்த சிறு உருண்டையில் பிழைத்திருப்பது வியப்பன்றோ!

கூற்றத்தை வைத புலவர்

பழந்தமிழர் கூற்றத்தைக் கண்டு அஞ்சினர் என்பது உண்மையே. தொல்காப்பியம் காஞ்சித்திணைத் துறைகளுள் ஒன்றாகக் கூற்றத்தின் தன்மையைச் சான்றோர் எடுத்துரைப்பதை வைத்துள்ளது. ஆயினும் அவர்கள் கூற்றத்தின் முன் வாய்பொத்தி நின்றவர் அல்லர். வேண்டும்போது அதனை முகத்துக்கு நேரே கடிந்தனர்.

குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் இறந்தபோது ஆவடுதுறை மாசாத்தனார் பாடிய பாட்டு புறநானூற்றில் 227-ஆம் எண்ணில் உள்ளது. கூற்றத்தை அவர் அறிவிலி என்கிறார். விதைநெல்லைச் சமைத்துத் தின்றவனுக்கு அதனை ஒப்பிடுகிறார். போர்க்களந்தோறும் பகைவர் உயிரை உனக்கு உணவாக அளித்து வந்தவன் இவ்வேந்தன். அவனையே உண்டுவிட்டாயே, இனி உன் பசியைத் தீர்ப்பவர் யார் என்பது அவர் கேள்வி. கோப்பெருஞ்சோழன் நடுகல்லானபோது பொத்தியார் என்னும் புலவர், நேர்மையற்ற கூற்றத்தை எல்லோரும் கூடி வைவோம் வாருங்கள் என்று புலவர் கூட்டத்தையே அழைக்கிறார்.

நடுவன் என்று பெயரிட்டவர்களே நேர்மையற்றவன் என்று வைதது ஏன்? முறை செய்ய வேண்டியவன் தவறினான் என்று எண்ணும்போதுதான் அவனிடம் நியாயம் கேட்கத் தோன்றும். கண்ணில்லாத காற்றையோ வெள்ளத்தையோ எவரும் அவ்வாறு கேட்பதில்லை. கூற்றம் அறத்துக்குக் கட்டுப்பட்டது என்ற நம்பிக்கையே அவ்வசையின் அடியில் இருக்கிறது.

மன்னிப்பு வேண்டிய தெய்வம்

வடமொழி நூல்களிலும் இதே நம்பிக்கையைக் காண்கிறோம். கடோபநிடதத்தில் நசிகேதன் என்னும் சிறுவன் தந்தையின் சொல்லை மெய்யாக்க யமன் வீட்டுக்குச் செல்கிறான். யமன் அப்பொழுது அங்கில்லை. மூன்று இரவு உணவின்றி வாயிலில் காத்திருந்த சிறுவனைக் கண்டு யமன் நடுங்குகிறான். விருந்தினனைப் பசியோடு வைத்த குற்றத்துக்கு ஈடாக மூன்று வரம் அளிக்கிறான். மூன்றாம் வரமாக, இறந்த பின் உயிர் உளதோ இலதோ என்பதைக் கேட்கிறான் நசிகேதன். பொன்னும் பசுவும் நீண்ட ஆயுளும் தருகிறேன், இதை மட்டும் கேளாதே என்று யமன் மறுத்துப் பார்க்கிறான். சிறுவன் அசையவில்லை. பின்னர் யமனே ஆசிரியனாக அமர்ந்து மெய்ப்பொருளை உரைக்கிறான்.

சாவித்திரியின் கதையை எல்லோரும் அறிவர். மகாபாரதத்து வனபர்வத்தில் வரும் அக்கதையில் அவள் யமனை எதிர்த்துப் போரிடவில்லை. அறம் பேசிக்கொண்டே அவன் பின் நடந்தாள். அறச்சொல்லைக் கேட்ட அளவில் அவன் வரத்தின்மேல் வரமாகக் கொடுத்து, முடிவில் கணவன் உயிரையும் விடுவித்தான். மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் நம் பெண்டிருள் பலர் காராமணி சேர்த்த அடையும் உருகாத வெண்ணெயும் படைத்துக் காரடையான் நோன்பு நோற்று மஞ்சட் சரடு அணிவது அந்நினைவாகவே. இவ்வட்டாரத்துப் பெண்டிர் ஜேஷ்ட அமாவாசையன்று ஆலமரத்தைச் சுற்றி நூல் கட்டி வட சாவித்திரி விரதம் காக்கின்றனர். மரமும் மாதமும் வேறு, வேண்டுதல் ஒன்றே.

இவற்றினும் வியப்பானது ஆணி மாண்டவ்யர் கதை. ஆதிபர்வத்தில் வருவது. திருடர் செய்த குற்றம் மோன விரதம் பூண்டிருந்த முனிவர்மேல் விழ, அரசன் ஆணையால் அவர் கழுவில் ஏற்றப்பட்டார். பின்னர் அவர் தருமராசனிடம் சென்று, எந்தப் பாவத்துக்கு இத்தண்டனை என்று கேட்டார். சிறு வயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தியதற்கு என்றான் அவன். அறியாப் பருவத்துச் சிறு பிழைக்கு இத்துணைப் பெருந்தண்டனையா என்று சினந்த முனிவர், நீ மண்ணில் பணிப்பெண் வயிற்றில் பிறப்பாய் எனச் சபித்தார். பதினான்கு வயது வரை செய்தது பாவமாகாது என்று புது விதியும் வகுத்தார். அந்தச் சாபத்தால் பிறந்தவனே விதுரன். தீர்ப்பு வழங்குபவனும் அளவு தவறினால் தீர்ப்புக்கு உட்படுவான் என்று கூறும் இக்கதையை, அறம் உணர்ந்தோர் மறக்கலாகாது.

பணி இழந்து மீண்டும் பெற்றவன்

தமிழ்நாட்டுக் கோயில்களில் யமன் பெற்ற இடத்தை இனிப் பார்ப்போம். மயிலாடுதுறை மாவட்டத்துத் திருக்கடையூர் அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. பதினாறு வயதே ஆயுளாகப் பெற்ற மார்க்கண்டேயன் சிவலிங்கத்தைத் தழுவிக்கொள்ள, அவன்மேல் யமன் வீசிய பாசம் இலிங்கத்தின்மீதும் விழுந்தது. இறைவன் வெளிப்பட்டுக் காலனைக் காலால் உதைத்தார். இதனால் காலசம்கார மூர்த்தி என்று பெயர் பெற்றார். அறுபது வயது நிறைந்தவர் மணிவிழாவும், எழுபதில் பீமரத சாந்தியும், எண்பதில் சதாபிஷேகமும் செய்துகொள்ள அங்குச் செல்வது இவ்வரலாறு பற்றியே.

கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. யமன் வீழ்ந்தபின் உலகில் இறப்பே இல்லாமற் போயிற்று. பாரம் தாங்காமல் பூமிதேவி தவித்தாள்; தேவர்கள் முறையிட்டனர்; இறைவன் யமனை எழுப்பி அவன் தொழிலை மீண்டும் அளித்தார். இது நிகழ்ந்த இடம் திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே மண்ணச்சநல்லூரை அடுத்த திருப்பைஞ்ஞீலி என்பது தலபுராணம். அங்குப் பாறையைக் குடைந்து அமைந்த சந்நிதியில் சோமாஸ்கந்தரின் திருவடிக்கீழ் யமனைக் காணலாம். வேலை நீக்கம் பெற்ற அலுவலர் மீண்டும் அதே பணியில் அமர்த்தப்பட்ட செய்தியை நினைவூட்டுகிறதல்லவா? மரணம் இல்லாத உலகம் இன்ப உலகமன்று, தாங்கொணாத உலகம் என்பதையும் இக்கதை நயமாக உணர்த்துகிறது.

திருவாரூர் மாவட்டத்தில் நன்னிலத்துக்கு அருகே உள்ள ஸ்ரீவாஞ்சியம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. உயிரைப் பறிக்கும் தொழிலால் எல்லோரும் தன்னை வெறுக்கின்றனரே என்று யமன் வருந்தி அங்குத் தவம் செய்தானாம். இறைவன் அவனைத் தம் வாகனமாக ஏற்றதோடு, தம்மை வழிபட வருவோர் அவனை முதலில் வணங்குக என்றும் அருளினார். அதற்கேற்ப அடியார்கள் குப்த கங்கைத் தீர்த்தத்தில் நீராடி, யமன் சந்நிதியில் தொழுத பின்னரே வாஞ்சிநாதரிடம் செல்கின்றனர். மாசிப் பெருவிழாவில் இறைவன் யம வாகனத்தில் எழுந்தருளுகிறார். ஊரில் சாவு நேர்ந்தால் நடை சாத்துவது பிற கோயில்களின் வழக்கம். இங்கு அதற்காக நடை அடைப்பதில்லை என்பர். தான் விரும்பாத கடமையைச் செய்து பழி சுமப்பவனுக்கும் ஆறுதல் அளிக்க வேண்டும் என்று எண்ணிய மக்களின் உள்ளம் எத்துணை விரிந்தது!

எழுதுகோலும் ஏடும்

நீதி வழங்குவதற்குக் கணக்கு வேண்டும். அக்கணக்கை எழுதுபவன் சித்திரகுப்தன். காஞ்சிபுரத்தில் நெல்லுக்காரத் தெருவில் அவனுக்குத் தனிக்கோயில் உண்டு. கையில் ஏடும் எழுத்தாணியும் கொண்டு அமர்ந்திருக்கிறான். சித்திரா பௌர்ணமி அவனுக்கு விழா நாள். வடநாட்டுக் காயஸ்த குலத்தார் அவனைத் தம் குலமுதல்வனாகக் கொண்டு, கார்த்திக மாதத்து வளர்பிறைத் துவிதியையன்று எழுதுகோலையும் மைக்கூட்டையும் வைத்துப் பூசை செய்கின்றனர். பூசை முடியும் வரை எழுதுகோலைத் தொடாதிருப்பாரும் உளர்.

பேரேடும் பதிவேடும் எழுதிப் பிழைக்கும் எம் போன்றார்க்கு இவ்வழிபாடு மனத்தைத் தொடுவதாகும். பூவையும் பழத்தையும் படைப்பதோடு நில்லாமல், பொய்க்கணக்கு எழுதாத கை ஒன்றையும் அத்தெய்வம் எதிர்பார்க்கிறது. ஒருவன் எழுதும் ஒவ்வொரு வரிக்கும் வேறோர் ஏட்டில் எதிர்ப்பதிவு உண்டு என்னும் எண்ணம், மேலதிகாரியின் தணிக்கையைக் காட்டிலும் மனிதனை நேர்மையாக வைத்திருக்கும்.

தங்கை வீட்டு விருந்து

அதே துவிதியை நாளுக்கு யம துவிதியை என்றே பெயர். பாய் தூஜ் என்று இங்குள்ளோர் கொண்டாடுவதும் அதுவே. எவரும் வீட்டுக்கு அழைக்காத யமனை அவன் தங்கையாகிய யமுனை அழைத்து, நெற்றியில் திலகமிட்டு, விருந்து படைத்தாள். மகிழ்ந்த அவன், இந்நாளில் உடன்பிறந்தாள் கையால் உண்பவனுக்கு அகால மரண பயம் வேண்டா என்று வரமளித்தான். மதுரா நகரின் விச்ராம் துறையில் அன்று அண்ணன் தங்கையர் கைகோத்து யமுனையில் நீராடுவர். அத்துறையருகே தருமராசனுக்கும் யமுனைக்கும் ஒரு கோயிலும் உண்டு. இமயத்தில் உள்ள யமுனோத்திரிக் கோயில் குளிர்காலத்துக்காக நடை சாத்தப்படுவதும் அந்நாளில்தான்.

தொடக்கத்தில் கூறிய யம தீபத்துக்கும் ஒரு கதை சொல்லுவர். உயிரைக் கவரும்போது உங்களுக்கு என்றேனும் இரக்கம் தோன்றியதுண்டோ என்று யமன் தன் தூதரைக் கேட்டான். மணமான நான்காம் நாளில் இறந்த ஓர் அரசிளங்குமரனின் மனைவி அழுதபோது நாங்களும் கலங்கினோம் என்றனர் அவர்கள். அத்தகைய அகால மரணத்தைத் தவிர்க்கவே, திரயோதசி மாலையில் தெற்கு நோக்கி விளக்கிடுமாறு யமன் விதித்தானாம். இதில் ஒன்றைக் கருத வேண்டும். விளக்கேற்றுவோர் சாவே வேண்டா என்று கேட்பதில்லை; முறை தவறி, காலத்துக்கு முன் வரவேண்டா என்றுதான் வேண்டுகின்றனர்.

கடல் கடந்த நடுவன்

பௌத்த சமயத்தோடு யமன் இந்நாட்டு எல்லையையும் கடந்தான். பாலி மொழியில் உள்ள தேவதூத சூத்திரத்தில், தன் முன் கொண்டுவரப்பட்டவனை யமன் உடனே தண்டிப்பதில்லை. முதியவனையும் நோயாளியையும் பிணத்தையும் நீ உலகில் கண்டதில்லையா, அவர்களே நான் அனுப்பிய தூதர், கண்டும் நன்மை செய்யாதது ஏன் என்று கேட்கிறான். கம்போடிய நாட்டு அங்கோர் நகரில் 'தொழுநோய் அரசன்' என்று மக்கள் வழங்கும் சிலை உண்மையில் தருமராசனாகிய யமனே என்பதை அதன் பீடத்து எழுத்துக்கள் காட்டின. திபெத்தில் சின்ஜே, சப்பானில் எம்மா, சீனத்தில் யென்லோ என்று பெயர் பெற்றான்.

சீனர் நரகத்தைப் பத்து மன்றங்களாகப் பிரித்துப் பத்து அரசரை அமர்த்தினர். யென்லோ முதலில் முதல் மன்றத்தில் இருந்தானாம். அநியாயமாக இறந்தவர்மீது இரங்கி அவர்களைத் திருப்பி அனுப்பியதால் ஐந்தாம் மன்றத்துக்கு இறக்கப்பட்டான் என்பது அவர்கள் கதை. மாண்டவ்யர் கதையில் கடுமை மிகுந்ததால் தண்டனை. சீனத்தில் இரக்கம் மிகுந்ததால் தாழ்வு. இரண்டு நாட்டாரும் தராசின் நாவை நடுவில் நிறுத்தவே முயன்றனர் என்க.

நமக்கு உரிய கடன்

இதுகாறும் கூறியவற்றால், யம வழிபாட்டின் உட்கருத்து மூன்றாகத் தோன்றுகிறது. சாவு எவருக்கும் சமமானது என்பது ஒன்று. வாழ்வின் கணக்கு நேர்மையாக இருத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னே சென்றவரைப் பின்னே நிற்பவர் மறத்தலாகாது என்பது மூன்றாவது. திருவள்ளுவர் இல்வாழ்வான் ஓம்ப வேண்டிய ஐவருள் தென்புலத்தாரை முதலில் வைத்ததை ஈண்டு நினைவுகூர்க. தெய்வமும் விருந்தும் சுற்றமும் அவர்க்குப் பின்னரே வருகின்றன.

இம்மூன்றாம் கடனில்தான் ஊர்விட்டு ஊர் வந்த நாம் தளர்ந்துவிட்டோம். சொந்த ஊரில் ஒருவர் இறந்தால் பங்காளி வருவான், மாமன் மைத்துனன் வருவான், தெருவே திரளும். இங்கோ, பிழைப்புக்காகத் தனியே வந்த ஒருவர் இறந்துவிட்டால் பாடையின் நான்காம் காலுக்குத் தோள் தேட வேண்டியிருக்கிறது. நீர்க்கடன் செய்வோர் தந்தை, பாட்டன், முப்பாட்டன் என மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்வது மரபு. இங்குப் பிறந்து வளர்ந்த நம் மக்களிடம் முப்பாட்டன் பெயரைக் கேட்டுப் பாருங்கள். பலர் பாட்டன் பிறந்த ஊரையும் சொல்லத் திகைப்பர். அது அவர்கள் குற்றமன்று. நாம் சொல்லித் தரவில்லை.

உறவு இல்லாதவர்க்கு யார் செய்வது என்று மயங்க வேண்டுவதில்லை. கயையில் பிண்டமிடுவோர் தம் குலத்தாரோடு நில்லாமல் நண்பர்க்கும் பணியாளர்க்கும் பெயரறியாதார்க்கும் இடுகின்றனர். தர்ப்பணத்தின் முடிவில் தாயும் தந்தையும் நட்பும் சுற்றமும் அற்றோர் யாவரும் நிறைவு பெறுக என்று ஒரு கை நீர் வார்ப்பது விதி. இறந்தவருக்காகச் செய்ய இரத்த உறவு ஒன்றே தகுதியன்று என்று நம் முன்னோர் என்றோ முடிவு செய்துவிட்டனர். சங்கம் என்று நாம் கூடியிருப்பதற்கும் அதனைவிடச் சிறந்த பொருள் ஏது?

ஆகவே நம் சங்கத்தார்முன் இரண்டு வேண்டுகோளை வைக்கிறோம். முதலாவது, உறுப்பினர் ஆயினும் ஆகாவிடினும், எக்குலத்தார் ஆயினும், இவ்வூரில் ஒரு தமிழர் இறந்தார் என்ற செய்தி வந்தவுடன் செல்வதற்கு இளைஞர் பன்னிருவர் முன்கூட்டியே பெயர் கொடுத்திருத்தல் வேண்டும். எல்லோரையும் ஒன்றாகக் கருதும் நடுவனின் முன் நாம் மட்டும் வேற்றுமை பார்ப்பது பொருந்தாது. இரண்டாவது, 'தென்புலத்தார் ஏடு' என்று ஒரு பதிவேடு திறக்க வேண்டும். இங்கு மறைந்த ஒவ்வொருவரின் பெயர், பிறந்த ஊர், பெற்றோர் பெயர், இவ்வூருக்கு வந்த ஆண்டு, மறைந்த நாள் ஆகியவற்றை அதில் பிழையின்றி எழுதி வைத்து, ஆண்டு விழாவின் தொடக்கத்தில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்துப் படித்தல் வேண்டும். நாடகத்துக்கும் இசையரங்குக்கும் ஒதுக்கும் பொழுதில் கால் மணி நேரம் போதும்.

செலவு ஏதுமில்லாத பணி இது. ஒரு பெரிய குறிப்பேடும், தெளிவாக எழுதும் ஒரு கையுமே தேவை. எழுதும் கை எம்முடையதாகவே இருப்பினும் மகிழ்வோம். இவ்வாண்டு திரயோதசி மாலையில் அண்டை வீட்டார் விளக்கேற்றும்போது நம் சங்கக் கட்டடத்தின் வாயிலிலும் ஓர் அகல் தெற்கு நோக்கி எரியட்டும். அதன் அருகில் அமர்ந்து அவ்வேட்டின் முதற் பெயரை எழுதத் தொடங்குவோமாக.